பத்து எழுத்துகள்

கடந்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைநெறி மாணவர்கள் சிலருடன் ஒரு நாளைக் கழிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. செய்தி எழுதுவது பற்றிப் பேசுவதற்காகவே என்னை அழைத்திருந்தார்கள். எனது முறை வருவதற்கு முன்னர் வேறொருவர் நடத்திய பயிற்சியில் நானும் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தேன். அவர் எல்லோருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்தார். அதில் ஐம்பது சொற்கள் இருந்தன: நேர்மை, துணிவு, குடும்பம், சுதந்திரம், விசுவாசம், செல்வம், பணிவு என்று நீண்டது அந்தப் பட்டியல். உங்களுக்கு முக்கியமான பத்து விழுமியங்களுக்கு எதிரே சரி அடையாளம் இடுங்கள். அவற்றிலிருந்து ஐந்தைத் தெரிவு செய்யுங்கள். இறுதியில் மூன்று மட்டும் எஞ்ச வேண்டும் என்றார்.

பத்து நிமிடத்தில் மாணவர்கள் முடித்துவிட்டார்கள். ஏறத்தாழ எல்லோருடைய தாளிலும் நேர்மை இருந்தது. பலருடைய தாளில் துணிவும் இருந்தது. எனது தாளில் மட்டும் ஓர் அடையாளமும் இல்லை. பக்கத்தில் இருந்த மாணவி அதைக் கவனித்து, "சேர், நீங்கள் ஏன் ஒன்றும் போடேல்லை?" என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியை விடுதியில் மறந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கண்ணாடி எனது சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுத முனைகிறேன்.

'விழுமியம்' என்ற சொல் எமது தலைமுறைக்குப் புதியதன்று. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், சமூக விழுமியங்கள், அற விழுமியங்கள், பண்பாட்டு விழுமியங்கள் என்று பரீட்சை விடைத்தாள்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதற்குப் புள்ளிகளும் கிடைத்தன. ஆனால் எனது விழுமியம் எது என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மிக விரைவாக விடை எழுதியிருப்பேன். அந்த விடை பிழையாகவும் இருந்திருக்கும்.

எனது தந்தையார் வடமராட்சியில் ஒரு சங்கக்கடையின் மனேஜராக இருந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்குச் சங்கக்கடை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் எமது பகுதியின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் தலைநிமிர்ந்த காலம் அது. அதே காலத்தில்தான் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றோம். அரிசியும் சீனியும் மாவும் கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்டன. ஓர் அவுன்ஸ் சீனி கூடக் குறைய இருப்பது ஒரு வீட்டின் பிரச்சினையாக இருந்த நாட்கள்.

1975ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். எனக்கு ஏழு வயது. ஒருநாள் இரவு அப்பா வீட்டு விறாந்தையில் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து சட்டையை மாட்டினார். மாலையில் ஒரு கிழவிக்குச் சீனி நிறுத்தபோது தராசில் ஒரு றாத்தல் படிக்கு அரை றாத்தல் படியை வைத்துவிட்டதாக அவருக்கு ஐயம். கடையைத் திறந்து இருப்பை நிறுத்துப் பார்த்தார். அரை றாத்தல் கூடுதலாக இருந்தது. அதைக் கடதாசிப் பையில் கட்டிக்கொண்டு, ரோச் லைற்றுடன் ஒரு மைலுக்கு மேல் நடந்தார். நானும் அடம்பிடித்துக் கூடவே போனேன். கிழவி நித்திரையால் எழும்பி வந்து, "விடியத் தந்திருக்கலாமே மனேஜர், ஏன் இந்த இருட்டுக்கை?" என்றாள்.

திரும்பி வரும் வழியில் நானும் அதையே கேட்டேன். அப்பா சொன்னார்: "நிறை குறைஞ்சது தெரியாமல் இருந்தால் அது பிழை. தெரிஞ்ச பிறகும் போய்ப் பாயிலை படுத்தால் அது களவு."

இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவின் நேர்மை எனக்கு முதுசமாக வந்த காணியைப் போல என்னிடம் இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். காணிக்கு உறுதி இருந்தால் போதும். நேர்மைக்கு அப்படி ஓர் உறுதியும் இல்லை என்பது 1996இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது குண்டுத் தாக்குதல் நடத்தப்பட்டது. 90க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். அடுத்து வந்த வாரங்களில் கொழும்பில் தமிழர்கள் தங்கியிருந்த லொட்ஜுகளிலும் கடைகளின் மேல்மாடிகளிலும் இரவுபகலாகச் சுற்றிவளைப்புகள் நடந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறையில் இருந்தன. அடையாள அட்டையில் இருந்த பிறந்த இடமே பலருக்கு வினையாயிற்று.

நான் அப்போது கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் உதவி ஆசிரியர். பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெப்ரவரியில் ஒருநாள் இரவுப் பணியில் இருந்தபோது தொலைநகலில் பொலிஸ் அறிக்கையொன்று வந்தது. குண்டுவெடிப்புத் தொடர்பில் சந்தேகத்தின் பேரில் மூவர் புறக்கோட்டையில் கைது செய்யப்பட்டுள்ளனர். பெயர், வயது, ஊர் வருமாறு என்று இருந்தது. மூன்றாவது பெயர் ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞனுடையது. புடவைக் கடையொன்றில் வேலை செய்தவன்.

செய்தியை நான் மொழிபெயர்த்தேன். தலைப்பையும் நானே எழுதினேன். பக்கத்தில் ஒதுக்கப்பட்டிருந்த இடம் இரண்டு பத்தி அகலம். பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: தமிழில் தலைப்பு எழுதுவது பெரும் தொல்லை. சொற்கள் நீளமானவை, பத்திக்குள் அடங்க மறுப்பவை. 'சந்தேகத்தின் பேரில் மூவர் கைது' என்ற தலைப்பு அடங்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்தால் பக்கம் சோபை இழக்கும் என்றார் பக்க வடிவமைப்பாளர். 'சந்தேகத்தின் பேரில்' என்பது பத்து எழுத்து. அதை நீக்கி, 'தொடர்புடைய' என்று ஆறு எழுத்தில் ஒரு சொல்லைப் போட்டேன். குண்டுவெடிப்புடன் தொடர்புடைய மூவர் கைது. அழகாக அடங்கியது. ஒப்புநோக்காளர் எழுத்துப் பிழை இல்லை என்று கையொப்பம் இட்டார். உண்மையில் எழுத்துப் பிழை எதுவும் இருக்கவில்லை.

அந்த இளைஞனின் பெயர் எனக்கு அடுத்த நாளே மறந்துவிட்டது. நான்கு மாதங்களின் பின்னர் அவனுடைய தகப்பனார் எமது அலுவலகத்துக்கு வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, அதன்மேல் பழைய கோட். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நீதவான் நீதிமன்றம் மகனை விடுதலை செய்த உத்தரவின் நிழற்படப் பிரதி. மற்றது நான் தலைப்பு எழுதிய செய்தியின் நறுக்கு. நறுக்கு மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. நான் கதிரையைக் காட்டியும் அவர் அமரவில்லை.

"ஐயா, மகன் மேல ஒண்ணுமே இல்லைன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா கடை முதலாளி திரும்ப வேலைக்குச் சேர்க்க மாட்டேங்கிறார். இந்தப் பேப்பரை எடுத்து வச்சிருக்கார். பேப்பர்லயே போட்டிருக்கேன்னு காட்டுறார். லயத்துலயும் ஆளுங்க ஒரு மாதிரியாத்தான் பார்க்கிறாங்க. விட்டுட்டாங்கன்னு ஒரு சின்னத் துண்டு நீங்க போட்டீங்கன்னா போதுங்க. நான் கொண்டுபோய்க் காட்டுவேன்."

தாள்களின் விபரத்தைக் குறித்துக்கொண்டேன். கட்டாயம் ஆவன செய்வதாகச் சொன்னேன். அவர் கைகூப்பி விடைபெற்றார். கொழும்பு வந்து திரும்புவதற்கு அவருக்கு இரண்டு நாட்பெயர் இழப்பு என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

மேலதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் அல்லர். "நாங்களாகவா எழுதினோம்? பொலிஸ் தந்ததைப் போட்டோம். விடுதலையானவர்களின் பெயர்களை எல்லாம் போடத் தொடங்கினால் அதற்கே ஒரு பக்கம் வேண்டும். தவிரவும், தமிழ்ப் பத்திரிகை இந்த நேரத்தில் பொலிஸாருடன் வாதாடப் போகிறதா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கையும் கொண்டுவரப்பட்டிருந்தது. பத்திரிகைகள் மூச்சை அடக்கி வெளிவந்த காலம்.

ஆனால் ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. பொலிஸ் அறிக்கையில் 'சந்தேகத்தின் பேரில்' என்று இருந்தது. அதை வெட்டியவன் நான். இதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும். எனக்கும் ஒரு கண்டனக் கடிதம் கிடைத்திருக்கும். நான் அவருடைய நியாயத்தை ஏற்றுக்கொண்டவன் போலத் தலையாட்டிவிட்டு எனது மேசைக்குத் திரும்பினேன். அவ்வளவு விரைவாக நான் ஏற்றுக்கொண்டதற்கு அந்த நியாயம் காரணம் அன்று.

ஒரு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். கீழே வரவேற்பிலிருந்து காவலாளி தொலைபேசியில் சொன்னபோது, நான் வெளியே போயிருப்பதாகச் சொல்லும்படி கூறினேன். எனது மேசை மேல்மாடியில் ஜன்னலோரம் இருந்தது. வாசலுக்கு அருகே கிடந்த வாங்கில் அவர் அமர்ந்திருந்தது தெரிந்தது. நான் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார். பகல் உணவுக்கு நான் இறங்கிப் போகவில்லை. மூன்று மணிபோல எழுந்து, காவலாளியிடம் எதையோ கொடுத்துவிட்டுப் போனார். ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். அவர் கொடுத்தது அந்த நீதிமன்ற உத்தரவின் இன்னொரு பிரதி. முன்னர் தந்தது தவறிப் போயிருக்கும் என்று நினைத்தாரோ, அல்லது பொறுமையாக நினைவூட்டினாரோ தெரியாது. மூன்றாம் தடவை அவர் வரவில்லை.

தெரியாமல் குறைந்தால் பிழை. தெரிந்த பிறகும் பாயில் படுத்தால் களவு. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கதைகளில் வருவதுபோல மனச்சாட்சி உடனே எழுந்து நின்று உறுத்துவதில்லை. அந்த ஜன்னல் காட்சி எனக்குள் தைத்தது பல மாதங்கள் கழித்து, வேறொரு நாளில், வேறு எதையோ செய்துகொண்டிருந்தபோது. நாவலர் வீதியில் ஒரு பழைய நண்பரின் தந்தை, ஓய்வுபெற்ற அதிபர், தமது பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக வந்துவிட்டது என்று தொலைபேசியில் கோபித்துக்கொண்டார் எனச் செய்தி வந்தது. அடுத்த நாளே திருத்தம் போட்டோம். அதையும் நான்தான் எழுதினேன். 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று எழுதி முடித்த கணத்தில் அந்த வாங்கும் பழைய கோட்டும் கண்முன் வந்தன.

அப்போதுதான் கேள்வி சரியான வடிவத்தில் எழுந்தது. வந்தவர் தோட்டத் தொழிலாளியாக இல்லாமல் எமது ஊர் அதிபராக இருந்திருந்தால் நான் ஒளிந்திருப்பேனா? மாட்டேன். தேநீர் வரவழைத்திருப்பேன். மேலதிகாரியுடன் வாதாடியிருப்பேன். எனது நேர்மைக்கு ஊரும் உறவும் உத்தியோகமும் பார்க்கும் கண் இருந்தது. அப்பாவின் தராசுக்கு அந்தக் கண் இருக்கவில்லை. அவர் இருட்டில் நடந்தது அந்த ஊரிலேயே மிக ஏழையான ஒரு கிழவிக்காக. அந்தக் கதையை இருபது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அதில் கிழவி யார் என்பது முக்கியமாகப் பட்டதில்லை.

இவ்வாறுதான் எனது விழுமியத்தை நான் அறிந்தேன். அதை நான் மீறிய இடத்தில் அது இருந்தது. நாம் பெருமைப்படும் இடங்களில் தேடினால் பிறர் மெச்சும் சொற்களே கிடைக்கும். வெட்கப்படும் இடத்தில்தான் நமக்கு உண்மையில் எது பெறுமதியானது என்று தெரிகிறது. ஏனென்றால் நமக்குப் பெறுமதி இல்லாத ஒன்றை மீறியதற்காக எவரும் பல வருடங்கள் வெட்கப்படுவதில்லை.

அறிவது வேறு, அதன்படி ஒழுகுவது வேறு. செய்திப் பிரிவில் சற்றுப் பொறுப்பான இடத்துக்கு வந்த பின்னர் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். கைது செய்யப்பட்டவர் என்று நாம் எவருடைய பெயரை வெளியிட்டாலும், திகதி, பக்கம், எத்தனை பத்தி என்று அதில் எழுதினேன். வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்று எதிரே ஒரு நிரல். மாதம் ஒரு தடவை நீதிமன்றச் செய்தியாளரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, விடுதலையானவர்கள் எவரும் உண்டா என்று பார்க்கச் சொன்னேன். உண்டு என்றால், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் விடுதலைச் செய்தி வர வேண்டும். நீதிமன்றத்தில் ஆஜர்செய்யப்படும்வரை பெயரைத் தவிர்ப்பது என்றும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்த முயன்றேன்.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மற்றப் பத்திரிகைகளில் பெயர் இருக்கும். எமது பத்திரிகையில் இராது. விற்பனைப் பகுதியினர் முறைப்பட்டார்கள். 'விடுதலை' என்பது செய்தியே இல்லை, அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். நீதிமன்றச் செய்தியாளருக்கு அது சம்பளம் இல்லாத மேலதிக வேலை. சில மாதங்கள் கொப்பி மேசை இலாச்சிக்குள் கிடந்ததும் உண்டு. அதற்கு என்னைத் தவிர வேறு எவரும் பொறுப்பில்லை. ஆயினும் நான்கு கொப்பிகள் நிரம்பின. 1998இல் ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிய கொழும்புப் பிரகடனம் வந்தது. 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு தொடங்கப்பட்டது. பதிலளிக்கும் உரிமை என்பதெல்லாம் அதன் பின்னர் கருத்தரங்குகளில் பேசப்படும் பொருளாயிற்று. நல்ல முயற்சிகள். ஆனால் எந்த ஆணைக்குழுவும் வாசலில் வாங்கில் இருப்பவரைத் தானாகத் தேடி வராது. மேலேயிருந்து ஒருவர் இறங்கிப் போக வேண்டும்.

துணிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் மாணவர்கள் பலர் அதற்கு அடையாளமிட்டிருந்தார்கள் அல்லவா? 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். 2004 மே 31இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார் தர்மரத்தினம் சிவராம். 2006 ஜனவரி 24இல் திருகோணமலையில் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அந்த மாதம் 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. தலையில் சுடப்பட்டு இறந்தார்கள் என்பதைக் காட்டிய படங்களை எடுத்தவர் சுகிர்தராஜன். மூன்று வாரங்களின் பின்னர் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டுகளில் நான் செய்தது என்ன? மேசையில் இருந்தேன். எழுத வேண்டிய சிலவற்றை எழுதவில்லை. சிலவற்றைப் பெயரில்லாமல் எழுதினேன். இரவில் வீட்டுக்கு வரும் பாதையை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தார்கள் என்பது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்பது உண்மையன்று. துணிவை நான் வணங்குகிறேன்; ஆனால் அது என்னுடையதன்று. பிறரிடம் கண்டு வியக்கும் ஒன்றை நமது விழுமியம் என்று எழுதி வைத்துக்கொள்வது இரவல் நகையை அணிவது போன்றது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. ஏற்றுக்கொண்ட பின்னர் ஒரு தெளிவு வந்தது. அவர்கள் செய்ததை என்னால் செய்ய முடியாது. ஆனால் எழுதும் ஒவ்வொரு வரியிலும் நிறை குறையாமல் பார்க்க முடியும். குறைந்தது தெரிந்தால் எடுத்துக்கொண்டு நடக்க முடியும். அது சிறிய காரியம். என்னால் இயன்ற காரியம்.

அதுவும் சோதனைக்கு உள்ளாகாமல் போகவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கு மேற்பட்டோர் பலியானார்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று இறந்தவர்களில் எமது வாசகர்களின் உறவினர் எத்தனையோ பேர். நான்கு நாட்கள் கழித்து, தேடப்படுவோர் சிலரின் படங்களையும் பெயர்களையும் பொலிஸார் வெளியிட்டார்கள்.

பழைய வழக்கப்படி நான் தயங்கினேன். இளைய ஆசிரியர் ஒருவர் வாதிட்டார்: "சேர், இது கைதானவர்களின் பெயர் இல்லை. தேடப்படுகிறவர்கள். படத்தைப் பார்த்து ஒருவர் அடையாளம் காட்டினால் இன்னொரு குண்டு வெடிக்காமல் போகலாம்." அவர் சொன்னது சரி. படங்களைப் போட்டோம். சில மணி நேரத்தில் பொலிஸாரிடமிருந்து திருத்தம் வந்தது: பெண்ணொருவரின் படம் தவறானது, அது அமெரிக்காவில் வாழும் அமாரா மஜீத் என்ற மாணவியின் படம். அதற்குள் எமது வெளியூர்ப் பதிப்பு அச்சாகி லொறிகளில் ஏறிவிட்டது. நகரப் பதிப்பில் படத்தை எடுத்துவிட்டோம்.

மறுநாள் முதற்பக்கத்தில், படம் வந்த அதே இடத்தில், அதே அகலத்தில் திருத்தம் வர வேண்டும் என்று நான் சொன்னபோது அறையில் அமைதி நிலவியது. பிழை பொலிஸாருடையது, உலகம் முழுவதும் அந்தப் படம் போயிருக்கிறது, நாம் ஏன் முதற்பக்கத்தை வீணாக்க வேண்டும் என்றார் ஒருவர். நாங்களாகவா எழுதினோம், பொலிஸ் தந்ததைப் போட்டோம் என்று 1996இல் கேட்ட அதே வார்த்தைகள். ஊரெங்கும் முஸ்லிம் மக்கள்மீது வெறுப்புப் பரவிக்கொண்டிருந்த வாரம் அது; வாசகர்கள் கோபிப்பார்கள் என்றார் மற்றவர். வெளியூர்ப் பதிப்பை வாசித்தவர் நகரப் பதிப்பைப் பார்க்க மாட்டார். ஹட்டனில் இருக்கும் ஒருவருக்கு நாம் சொன்ன பொய் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது என்றேன். ஏன் ஹட்டன் என்று எவரும் கேட்கவில்லை. திருத்தம் முதற்பக்கத்தில் வந்தது. சில வாசகர்கள் கோபித்தார்கள். பத்திரிகை ஒன்றும் மூழ்கிப்போகவில்லை.

அடுத்த மாதமே, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு முஸ்லிம் வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களத் தினசரியின் முதற்பக்கத்தில் செய்தி வந்தது. குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது ஜூன் மாதம். பின்னர் அவர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். கைதைத் தலைப்பாகப் பார்த்தவர்களில் எத்தனை பேர் மற்றச் செய்தியையும் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் வேறொரு வேலையாக ஹட்டனுக்குப் போனபோது அந்த நீதிமன்ற உத்தரவின் பிரதியை எடுத்துச் சென்றேன். அதில் விலாசம் இருந்தது. தோட்டத்துக்குப் போய் அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். வேறு குடும்பம் இருந்தது. தகப்பனார் காலமாகிப் பல வருடங்கள் என்றார்கள். மகன் மத்திய கிழக்குக்குப் போனான், பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை என்றார் பக்கத்து வீட்டு முதியவர். "அவனைப் பொலிஸ் புடிச்சுதே, அந்தப் பையன்தானே?" என்றும் கேட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அவனுக்கு அதுவே அடையாளம். விடுதலையானான் என்பதைச் சொன்னேன். "அப்படியா?" என்றார்.

திரும்பி வந்ததும் ஒரு திருத்தம் எழுத அமர்ந்தேன். பெயரைப் போட்டால், மறந்தவர்களுக்கும் நினைவூட்டியதாகிவிடும். பெயரைப் போடாவிட்டால், யாருக்கான திருத்தம் அது? 1996 ஜூனில் நான்கு வரியில் முடிந்திருக்க வேண்டிய காரியம், 2011இல் எந்த வடிவத்திலும் செய்ய இயலாததாகிவிட்டது. சீனியை அன்றிரவே கொண்டுபோனதன் காரணம் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. "விடியத் தந்திருக்கலாமே" என்று கிழவி சொன்னாள். விடிந்தால் வேறு வேலைகள் வரும். விடியும்போது நியாயங்களும் வரும்.

அந்த மாணவிக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மகளே, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள், கிழித்தெறிய வேண்டியதில்லை. ஆனால் அடையாளமிட அவசரப்படாதே. வேலைக்குப் போ. சில வருடங்கள் கழிந்ததும், எவரைக் கண்டு ஒளிந்தாய், எதைச் சொல்லாமல் தலையாட்டினாய், எவருக்குக் கதிரை கொடுத்து எவரை வாசலில் இருத்தினாய் என்று உனக்குள்ளேயே ஒரு கணக்கெடு. அந்தக் கணக்கில் எந்த வரி திரும்பத் திரும்பச் சுடுகிறதோ அதுதான் உன்னுடையது. ஐம்பது சொற்களில் அதற்கு ஒரு பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் அதன்படி நடக்கலாம்.

எனது மேசையில் நான்கு சீ.ஆர். கொப்பிகள் இன்றும் இருக்கின்றன. முதற் கொப்பியின் முதற் பக்கத்தில், முதல் வரியில், 1996 பெப்ரவரி என்று திகதியிட்டு ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். கொப்பி வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னைய திகதி அது. பக்கம், பத்தி, நீதிமன்றம் எல்லா நிரலும் நிரம்பியிருக்கின்றன. 'விடுதலைச் செய்தி வெளியான திகதி' என்ற கடைசி நிரல் மட்டும் வெறுமையாக இருக்கிறது.